கவருக்குள்ள கோழிய எப்படிப் போட?

அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவதை நிறுத்திவிடலாம் என்று எங்கள் ஊர்க் கோயில் கமிட்டியில் முதலில் வாய் திறந்தவன் நான்தான். 2022ஆம் வருஷம். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் கொரோனாவால் கூட்டம் கூடவில்லை. வீட்டுக்கு வீடு ஒரு காணிக்கைக் கவர் கொடுத்து, போட்டதை வாங்கிக்கொண்டோம். கவர் வசதியாக இருந்தது. பந்தல் செலவு இல்லை, மைக் செட் இல்லை, சண்டை இல்லை. "இதையே வைத்துக்கொள்வோம், எதற்கு மறுபடியும் ஏலம்?" என்று கேட்டேன். கணக்குத் தணிக்கையில் இருபது வருஷம் இருந்தவன், இதற்காகவே சென்னையிலிருந்து வந்துபோகிறவன் என்பதால் என் பேச்சுக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை. பெரியவர்கள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அப்புறம் சரி என்றுவிட்டார்கள். அந்தச் சரிதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

சாத்தான்குளத்துக்கும் திசையன்விளைக்கும் நடுவே, செம்மண் தேரிப் பக்கம் எங்கள் ஊர். கோயில் என்று நான் எழுதுவது கிறிஸ்தவ ஆலயத்தை. இந்தப் பக்கத்துப் பேச்சு அது. விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் கொண்டாடுகிற அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்கு ஊர் தேதி மாறும். எங்களுக்குப் பதநீர் ஓய்ந்து, மழை தொடங்குவதற்கு முந்தின இடைவெளியில் வரும். காலை ஆராதனைக்கு யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். பூசணி, வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, ஓலைக்கொட்டானில் கருப்பட்டி, நார்ப்பெட்டி நிறைய உளுந்து, துண்டில் முடிந்த முட்டை என்று முன்பக்கப் படிக்கட்டே தெரியாத அளவுக்கு நிறைந்துவிடும். ஆடும் கோழியும் வெளியே வேப்பமரத்தடியில் கட்டிக் கிடக்கும். ஐயர் (குருவானவரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஜெபம் பண்ணும்போது சரியாக ஒரு சேவல் கூவும். ஒவ்வொரு வருஷமும் கூவியிருக்கிறது.

ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றம் சந்தையாகிவிடும். பெண்கள் சங்கத்தார் நான்கு நாள் உட்கார்ந்து செய்த முந்திரிக்கொத்தும் அதிரசமும் ஒரு மேசையில். முதலூரிலிருந்து யாராவது மஸ்கோத் அல்வா கொண்டுவந்திருப்பார்கள். தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டிய அந்த அல்வா பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். வாலிபர் சங்கத்தார் பலூன் சுடுவதும் வளையம் எறிவதும் வைத்திருப்பார்கள். சுக்குக் காப்பி விற்கிற அண்ணாச்சி அன்றைக்கு விற்ற பணம் அத்தனையையும் கல்லாவோடு கவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போவார். எல்லாக் காசும் மூன்று நிதிக்குப் போகும்: பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், வெளியூர் ஊழியம். ஒரு பெண் நர்சிங் படித்து முடித்ததும், வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் பாளையங்கோட்டை போய்வந்த ஒரு மனிதருக்குக் கார் வாடகை கொடுத்ததும் இந்தக் காசில்தான். அந்த முற்றத்தின் நடுவே, ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஏலம் போடுவார். ஒரு தரம், ரெண்டு தரம்.

அதைத்தான் நான் நிறுத்தச் சொன்னேன். கமிட்டியில் நான் சொன்ன காரணங்கள் எல்லாம் தணிக்கைக்காரன் சொல்லக்கூடியவை. நாற்பது ரூபாய்ப் பூசணியை ஆயிரத்துக்குக் கேட்பதில் என்ன நியாயம்? ஆயிரம் கொடுக்க மனம் இருப்பவர் நேராகக் கொடுத்துவிட்டுப் போகட்டுமே. ஒரு நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்த வேண்டாம், பாக்கி வசூலுக்கு அலைய வேண்டாம். பேசியது அவ்வளவுதான். மனசுக்குள் இருந்தது வேறு.

வாழைத்தார்

1993. எனக்குப் பதின்மூன்று வயது. அப்பாவுக்குச் சாத்தான்குளத்தில் சின்னப் பலசரக்குக் கடை. அந்த வருஷம் எதிரிலேயே பெரிய கடை ஒன்று வந்து, வியாபாரம் படுத்துக் கிடந்தது. ஊரில் அது தெரியும். தெரியாத மாதிரி நாங்கள் நடந்துகொள்வோம், மற்றவர்களும் அப்படியே நடந்துகொள்வார்கள். அன்றைக்கு ஏலம் போட்டவர் அதை மைக்கில் தொட்டார். ஒரு நாட்டு வாழைத்தாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கடைக்காரர் எல்லாம் பேசாம நிக்காங்களே, கல்லா காலியோ?" என்றார். கூட்டம் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, ஏலத்தைச் சூடாக்க எல்லோரும் பேசுகிற பேச்சுதான். ஆனால் அப்பா கையைத் தூக்கினார். இருநூறு என்றார். மும்பையிலிருந்து வந்திருந்த ஒருவர் இருநூற்றைம்பது என்றார். அப்பா விடவில்லை. அறுநூறில் வந்து நின்றது. கடையில் ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்தாலும் அப்போது அறுநூறு ரூபாய் மிச்சப்படாது.

அந்தத் தாரை நான்தான் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பழுத்ததும் அக்கம்பக்கம் எல்லோருக்கும் சீப்பு சீப்பாகக் கொடுத்தாள். பணம் மட்டும் கட்டவில்லை. அடுத்த வருஷப் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு, அறிவிப்புகளோடு பாக்கிப் பட்டியலையும் வாசித்தார்கள். அப்பா பெயரும் அறுநூறும் அதில் இருந்தது. அதற்கடுத்த வருஷமும் வாசித்தார்கள். அப்பா தலையைக் குனியவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அவர் முழங்கை நடுங்கியது தெரிந்தது. மூன்றாம் வருஷம் கட்டினார். அதற்கப்புறம் ஏலம் நடக்கும்போது அவர் முற்றத்தில் நின்றதை நான் பார்க்கவில்லை. சாகும்வரை நிற்கவில்லை.

ஆக, 2022இல் நான் கவரைக் கொண்டுவந்தபோது பூசணிக்காயின் நியாயத்தை யோசித்துக் கொண்டுவரவில்லை. இனி எந்த மனிதனும் தன் வருமானத்தைக் கூட்டத்தின் நடுவே விலை பேசிக் காட்ட வேண்டாம் என்றுதான் கொண்டுவந்தேன். அந்த எண்ணம் தப்பு என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன்.

இரண்டு நோட்டு

2022 கவர் வசூல் 2,31,000 ரூபாய். கடைசியாக ஏலம் நடந்த 2019இல் 1,84,000. நான் சொன்னது சரியாகிவிட்டது என்று எல்லோருக்கும் தோன்றியது, எனக்கும்தான். அடுத்த வருஷம் ஜனவரியில் ஊருக்கு வந்திருந்தபோது ஆண்டுக் கணக்கைச் சரிபார்க்க இரண்டு நோட்டையும் பொருளாளர் வீட்டில் வைத்துப் புரட்டினேன். தொகையைத்தான் பார்க்கப் போனேன். கண் பெயர்களில் போய் நின்றது.

2019 நோட்டில் 186 பெயர். 2022 நோட்டில் 109. ஊரில் வீடு குறையவில்லை. ஆள் குறைந்திருந்தாலும் இந்த அளவுக்குக் குறைய வழியில்லை. யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். தனியாக இருக்கிற வயதான பெண்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள். அப்புறம் சின்னப் பிள்ளைகள். 2019 நோட்டில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பெயர், அதற்கு நேரே "சுரைக்காய் 1". அவன் வீட்டுப் பின்னால் அவனே விதை போட்டு வளர்த்தது, 350 ரூபாய்க்குப் போயிருந்தது. 2022இல் அவன் வீட்டுக்கு ஒரு கவர்தான் போயிருக்கிறது. அதில் அப்பா பெயர்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். கணக்கு பார்க்கிறவன் முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது. கவர் நோட்டில் இரண்டு கட்டம்: பெயர், தொகை. ஏல நோட்டில் நான்கு: கொடுத்தவர், பொருள், எடுத்தவர், தொகை. ஏல நோட்டில் ஒரு வரியை நிரப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கோழி கொடுக்கிறார், இன்னொருவர் 2,200 ரூபாய் கொடுக்கிறார். இந்த 2,200 யாருடைய காணிக்கை? இரண்டு பேருடையதும்தான். கோழி இல்லாவிட்டால் அந்தப் பணம் அந்த நேரத்தில் அந்தப் பையிலிருந்து வெளியே வந்திருக்காது. பணம் இல்லாவிட்டால் கோழி வைத்திய நிதியாக மாறியிருக்காது. கொடுத்தவர் தன் காணிக்கைக்குத் தானே விலை வைக்கவில்லை, ஊர் வைக்கிறது. கவரில் அப்படி இல்லை. என்னால் இவ்வளவுதான் முடியும் என்று நானே எழுதி, நானே ஒட்டிக் கொடுக்க வேண்டும். அப்புறம் அந்தத் தொகைகளை வரிசையாக எழுதிக் கோயில் பலகையில் ஒட்டுவோம். பத்தாயிரம் மேலே, ஐம்பது கீழே. யாரையும் கூட்டத்தில் விலை பேச வைக்கக் கூடாது என்று நினைத்துச் செய்த வேலை, எழுபத்தேழு பேரைச் சத்தமில்லாமல் வெளியே நிறுத்தியிருந்தது.

விடுபட்ட பெயர்களில் ஒன்று எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. சொந்தம் இல்லை, ஆனால் பிறந்ததிலிருந்து பெரியம்மாதான். அவர் வீட்டுக்காரர் பனையேறி. பருவத்தில் நாளைக்கு இரண்டு தடவை, முப்பது நாற்பது மரம் ஏறி இறங்கியவர், போய்ப் பல வருஷமாகிறது. பிள்ளைகள் வெளியூரில். மாதம் 1,000 ரூபாய் முதியோர் உதவித்தொகையும் ரேஷன் அரிசியும்தான் அப்போது பெரியம்மாவுக்கு. அந்த உதவித்தொகை 1,200 ஆனது அதே வருஷம் ஆகஸ்டில். 2019 நோட்டில் பெரியம்மா பெயருக்கு நேரே "கோழி 1" என்று இருந்தது. அதற்கு முந்தின நோட்டுகளிலும் கோழி, கோழி, ஒரு வருஷம் மட்டும் "முட்டை 12". அன்று சாயங்காலம் போய்த் திண்ணையில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன்.

"கவர் குடுத்தாங்களா பெரியம்மா?"

"குடுத்தாவ. அந்தா அரிசிப் பானைக்கு மேல இருக்கு பாரு. மூணு வருசக் கவரும் இருக்கு."

"ஒரு அம்பது ரூவா போட்டுக் குடுத்திருக்கலாமே?"

"அம்பது போட்டா அம்பதுதான்யா. கோழி அப்படியா? கவருக்குள்ள கோழிய எப்படிப் போட?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

காசு இல்லாத ஊர்களின் காசு

யோசித்துப் பார்த்தால் இந்தப் பக்கத்து ஊர்களில் பொருளாகக் கொடுப்பது ஆசைக்கு வைத்துக்கொண்ட வழக்கம் இல்லை. பனையை நம்பிப் பிழைத்த வீட்டில் பணம் என்பதே அபூர்வமாகக் கண்ணில் படுகிற பொருள். காய்ச்சிய கருப்பட்டி முன்கடன் கொடுத்த வியாபாரிக்குப் போய்விடும். கையில் நிற்பது நாலு வட்டுக் கருப்பட்டி, நாலு கோழி, பெட்டி முடைய ஓலை. அப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் இந்தத் திருச்சபையே எழும்பியது. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பது எங்கள் பாட்டி காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது. வெகுதூரத்தில் மிசோரமிலும் இதே மாதிரிக் கைப்பிடி அரிசி வழக்கம் 1910இல் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. இரண்டு இடத்திலும் காரணம் ஒன்றுதான்: பணம் இல்லை, அரிசி இருந்தது.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830இல், தர்ம சங்கம் என்று ஒன்று தொடங்கினார்கள். மதம் மாறியதால் குடியிருந்த இடத்தை விட்டு விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவதற்கு. 1903இல் அசரியா முதலானவர்கள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆளும் நம் ஆள், பணமும் நம் பணம் என்பது அதன் ஏற்பாடு. தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் வரை இங்கிருந்து ஆள் போனார்கள். பின்னால் 1912இல் அசரியா அங்கேயே பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். இந்தச் சரித்திரத்தை ஞாயிறு பள்ளியில் பெருமையாகப் படித்திருக்கிறேன். அதற்குப் பின்னால் எத்தனை கோழியும் கருப்பட்டியும் நின்றிருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அறுப்பின் பண்டிகையை இன்று நடக்கிற மாதிரி கொண்டாடத் தொடங்கியவர் இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் ஒரு கிராமத்துக் குருவானவர், ராபர்ட் ஹாக்கர். 1843 அக்டோபர் முதல் ஞாயிறு. அங்கே கோதுமை அறுவடை. அவர்களுடைய கிராமச் சந்தைகளிலும் கேக்கும் ஜாமும் விற்று, பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் சேர்க்கிறார்கள். இங்கே வந்த இடத்தில் கோதுமை போய்க் கருப்பட்டி வந்துவிட்டது. இப்போது இதைப் பார்த்தால் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று யாருக்கும் தோன்றாது. ஒரு தரம், ரெண்டு தரம் என்ற குரலை நாங்கள் சேர்த்துக்கொண்டோம்.

ஏலமோ பொதுக் காரியத்துக்குப் பணம் சேர்ப்பதோ எங்களுக்கு மட்டும் உரியதல்ல. விழுப்புரம் பக்கம் ஒட்டனந்தல் முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தின்போது வேலில் குத்திய எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுகிறார்கள். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் போகும். அது அருளுக்காக வாங்குவது. பிள்ளை இல்லாதவர்கள் கண்ணீரோடு வாங்குகிறார்கள். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து. அது திரும்பி வரவேண்டிய பணம், நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்தாக வேண்டும். பெரியம்மாவின் கோழியில் அருளும் இல்லை, திரும்பி வரும் கணக்கும் இல்லை. சாதாரணக் கோழி. அதை ஒருவர் 2,200 ரூபாய்க்குக் கேட்டார் என்றால், அந்த வீட்டிலிருந்து வந்தது என்பதற்காகக் கேட்டார். எங்கள் ஊரில் இன்னார் வீட்டுக் கோழி என்று சொல்லித்தான் ஏலம் தொடங்கும். விலை வெறும் கோழிக்கு மட்டும் வைத்ததில்லை. பெரியம்மாவுக்கு இது தெரிந்திருந்தது. நான்தான் நாற்பது ரூபாய்ப் பூசணி, ஆயிரம் ரூபாய்ப் பூசணி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுபடியும்

2023 ஜூன் மாதக் கமிட்டியில் ஏலத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நானே எழுந்து சொன்னேன். நிறுத்தச் சொன்னவனே கேட்கிறானே என்று சிலருக்குக் கோபம். பொருளாளர் அண்ணன் தொகையைக் காட்டினார்: கவரில் 47,000 ரூபாய் கூடுதல், அதில் நான்கு பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி கொடுத்திருக்கிறோம், அதை எப்படி விடுவது? அது நியாயமான கேள்வி. கவரும் இருக்கட்டும், ஏலமும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பலகையில் தொகை ஒட்டுவதை நிறுத்தினோம். அப்பாவை நினைத்துக்கொண்டு மூன்று விஷயத்துக்குச் சண்டை போட்டேன். மைக்கில் யாருடைய தொழிலையும் குடும்பத்தையும் தொட்டுப் பேசக் கூடாது. கேட்டவர் அன்றே பணம் கட்ட முடியாவிட்டால் பொருள் சத்தமில்லாமல் அடுத்தவருக்குப் போக வேண்டும். பாக்கி என்று ஒரு பட்டியலே இருக்கக் கூடாது, வாசிக்கவும் கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. ஏன் என்று தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேர் அந்த அறையில் இருந்தார்கள். அவர்கள்தான் முதலில் சரி என்றார்கள்.

அந்த வருஷம் செப்டம்பரில் முற்றம் நிறைந்தது. சுரைக்காய்ப் பையன் பத்தாம் வகுப்புக்கு வந்து வளர்ந்துவிட்டான். வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு பறங்கிக்காயோடு வந்தான். பெரியம்மா ஒரு சாம்பல் நிறக் கோழியைக் கால் கட்டிக் கொண்டுவந்து மரத்தடியில் வைத்தார்கள். அந்தக் கோழியை நான்தான் எடுக்க வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். 1,800 ரூபாய்க்கு எடுத்தேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எடுத்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் திரும்ப ஏலத்துக்கே கொடுத்துவிடலாம். மறு ஏலம். ஒரே தார் மூன்று முறை விலைபோகும், நிதிக்கு மூன்று மடங்கு வரும். கொடுத்தவருக்கும் பெருமை, எடுத்தவருக்கும் பெருமை என்று நான் நினைத்திருந்தேன். கையைத் தூக்கி "மறு ஏலம்" என்றேன். கூட்டத்தில் கைதட்டினார்கள். ஏலம் போட்டவர் கோழியைத் திரும்பத் தூக்கிப் பிடித்து ஐந்நூறு என்று தொடங்கியும்விட்டார்.

பெரியம்மா பெண்கள் பக்கமிருந்து எழுந்து வந்தார்கள். மைக்குக்காரரைப் பார்க்கவில்லை, நேராக என்னிடம் வந்தார்கள்.

"ஏன்யா, என் கோழி ஒனக்கு வேண்டாமா?"

எனக்குப் பதில் வரவில்லை. நிதிக்கு இன்னும் வரும் பெரியம்மா என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"அது முட்டைக் கோழிய்யா. வீட்டுக்குக் கொண்டு போ."

ஏலத்தை நிறுத்தச் சொல்லிக் கோழியை வாங்கிக்கொண்டேன். கணக்குப்படி பார்த்தால் அன்றைக்குப் படிப்பு நிதிக்குக் குறைந்தது மூவாயிரம் ரூபாய் என்னால் போயிற்று. அந்த மூவாயிரத்தில் ஒரு பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கலாம் என்பதும் உண்மைதான், அதை நான் மழுப்ப முடியாது. ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு அந்தக் கோழியை மறுபடி மேலே தூக்க என்னால் முடியவில்லை. நோட்டைப் புரட்டி, கவரை விட ஏலம் ஏன் மேல் என்று பெரிதாகப் புரிந்துகொண்டவன் மாதிரி நின்றேன். பெரியம்மாவுக்கு அது நான் புரிந்துகொண்ட காணிக்கையும் இல்லை. ஒரு வீட்டில் வளர்ந்த கோழி இன்னொரு வீட்டில் போய் முட்டை போட வேண்டும். நடுவில் கோயிலுக்குப் பணம் கிடைக்க வேண்டும். கோழி கோழியாகவே போய்ச் சேர வேண்டும்.

சென்னைக்குக் கோழியை எப்படிக் கொண்டுபோக? சித்தி வீட்டில் விட்டேன். அடுத்த இரண்டு வருஷமும் போனில் பேசும்போது சித்தி உடம்பு விஷயம், கல்யாண விஷயம் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கோழி விஷயத்தையும் சொல்வாள். அடை வைத்தாளாம், ஒன்பது குஞ்சு பொரித்ததாம், இரண்டைப் பருந்து கொண்டுபோய்விட்டதாம். இதையெல்லாம் சித்தி சுவர் வழியாகப் பெரியம்மாவுக்கும் சொல்லியிருக்கிறாள். முன்பெல்லாம் இரண்டு வீட்டுக்கும் அவ்வளவு பேச்சு இல்லை.

இந்த வருஷம் இளைஞர்கள் புதிதாக ஒன்று கேட்கிறார்கள். மும்பையிலும் துபாயிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் வீடியோவில் பார்த்து ஏலம் கேட்கலாம், பணத்தைப் போன் வழியாக அனுப்பலாம் என்று. நல்ல யோசனை, நான் ஆதரித்துத்தான் பேசினேன். வெளியே இருக்கிறவர்களுக்கும் ஊரோடு ஒரு பிடிப்பு வேண்டும். ஆனால் துபாயில் இருப்பவர் எடுத்த பூசணி எங்கே போகும் என்று கேட்டேன். மறு ஏலம் விடலாம் என்றார்கள். அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குச் சமையலில் போட்டுவிடலாம் என்றார் ஒருவர். எடுத்தவர் இன்ன வீட்டுக்குக் கொடுங்கள் என்று பெயர் சொல்லிவிட வேண்டும், சொன்னால்தான் ஏலம் முடியும் என்றேன் நான். பேச்சு இன்னும் முடியவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் பண்டிகைக்கான புது நோட்டு வாங்கிவந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். கொடுத்தவர், பொருள், எடுத்தவர், தொகை. பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. ஐந்தாவதாக ஒரு கட்டம் இழுத்து, "பொருள் போன வீடு" என்று எழுதினேன். பொருளாளர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது கணக்குக்குத் தேவையில்லையே தம்பி?" என்றார்.

தேவையில்லைதான் அண்ணே என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்துக்கும் கோடு போட்டேன்.